பண்ருட்டிச் சாலையின் கூரைகள்

புயல்காற்று வீட்டுக் கூரையை அழுத்திக் கெடுப்பதை விடத் தூக்கிக் கெடுப்பதே அதிகம். காற்றடிக்கும் ஊரில் வீடு கட்டுகிறவர் எந்தக் கூரையை விரும்பினாலும் முதலில் இதை மனத்தில் வைக்க வேண்டும். கடலூர்க் கடற்கரையில் புறப்பட்டு நெல்லிக்குப்பம், பண்ருட்டி, காடாம்புலியூர் வழியாக நெய்வேலிக்குப் போகும் சாலையில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்குள் கீற்றுக் கொட்டகை, கரும்புச் சோகை வேய்ந்த வீடு, நாட்டு ஓடு, சீமை ஓடு, சிமெண்ட் ஷீட், தகர ஷீட், கான்கிரீட் தளம் என எல்லாக் கூரைகளும் வந்துவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் 2011க்கு முன் நின்ற கூரைகள் அத்தனையும் ஒரே காலையில் ஒரே காற்றுக்கு நின்று காட்ட வேண்டியிருந்தவை.

அந்தக் காலை 2011 டிசம்பர் 30. ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் என்று வானிலைத் துறை கணக்கிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பண்ருட்டிச் செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள் வேரோடு படுத்தன. பாட்டன் காலத்துப் பலா மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்ததால் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தானே என்றதும் இன்றும் பேச்சு முந்திரிக்கும் பலாவுக்கும்தான் போகிறது. அது நியாயமே, ஒரு பலா மறுபடி நிழல் தரப் பல வருஷம் ஆகும். ஆனால் அன்று மழையில் நனைந்த குடும்பங்களுக்கு மரத்துக்கு முன்னால் போனது கூரை.

கடலூர்க் கரையோரம் இந்தியத் தரநிலை நிறுவனத்தின் காற்று வரைபடத்தில் வினாடிக்கு 50 மீட்டர் மண்டலத்தில் வருகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். இது மூன்று வினாடி நேரத்து வீச்சின் வேகம். வானிலை அறிக்கை சொல்லும் 140 என்பது சில நிமிடங்களுக்கான சராசரி, அதனிடையே வரும் வீச்சுகள் அதையும் தாண்டும். கோயம்புத்தூர் பக்கம் இதே வரைபடத்தில் 39 மீட்டர்தான். அங்கே தாங்குகிற கூரையை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

வேகம் கூடும் அளவிலேயே விசை கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. வினாடிக்கு 39 மீட்டர் காற்று, அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். 50 மீட்டர் காற்று 153 கிலோ தரும். வேகம் கால் பங்குக்குச் சற்று மேல் கூடினால் விசை ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடுகிறது. இந்தக் காற்று சுவரில் மோதி மேலெழுந்து கூரையின் விளிம்பில் பிய்ந்து ஓடும்போது கூரைக்கு மேலே உறிஞ்சல் உண்டாகிறது. அதே நேரம் ஒரு கதவோ சன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. மேலே இழுப்பு, கீழே தள்ளல். எதிர்க்காற்றில் குடை மேல்நோக்கி மடங்குவது இதனால்தான்.

பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை எடுத்துக்கொண்டால், தானே அளவுக் காற்றில் அதன் கூரையைத் தூக்கும் விசை சுமார் 860 கிலோ. இது பரப்பு முழுவதற்குமான சராசரிக் கணக்கு. மூலையிலும் இறவாணத்திலும் முகட்டின் இரு முனைகளிலும் இதைவிட வெகுவாகக் கூடும். இனி அந்த அறைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். தகர ஷீட் என்றால் அதன் சொந்த எடை 45 கிலோவைத் தாண்டாது. சிமெண்ட் ஷீட் 150 கிலோ வரும். சீமை ஓடு 400 கிலோ, ரீப்பரும் கைமரமும் சேர்ந்தால் இன்னும் நூறு நூற்றைம்பது கூடலாம். நாலு அங்குலக் கான்கிரீட் தளம் 2,300 கிலோ. தன் எடையாலேயே காற்றை மறுத்துவிடுகிற கூரை இவற்றில் கான்கிரீட் ஒன்றுதான். மற்ற எதைப் போட்டாலும் அதை இறக்கிக் கட்டியாக வேண்டும். ஷீட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் பிணைத்து, தூக்கும் விசை தரை வரை இறங்கிவர வழி செய்ய வேண்டும். எங்கே பிணைப்பு அறுகிறதோ அங்கிருந்து மேலே உள்ளதெல்லாம் போய்விடும். கடைக்காரரிடம் ஷீட்டின் தடிமனைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள் போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்புவது இந்த வட்டாரத்துக்கு மட்டும் உரிய பழக்கமல்ல.

தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் மீனவர் குடியிருப்புகளில் இப்போது பெரும்பாலும் கான்கிரீட் தளம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் கட்டிக் கொடுத்தவை அவற்றில் பல. காற்றைப் பொறுத்தவரை இவற்றுக்குக் கவலையில்லை. உப்பால்தான் கவலை. கடற்காற்றின் ஈரமும் உப்பும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்துக் காரையைப் பிளக்கும். தமிழ்நாடு முழுவதும் பழைய தொகுப்பு வீடுகளில் கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதை எங்கும் பார்க்கலாம். கடலோரத்தில் அது சீக்கிரம் வருகிறது. தளம் போடும் நாளில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் சல்லித் துண்டை வைத்துச் சமாளிப்பது, கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றுவது, ஏழு நாள் கூடத் தண்ணீர் கட்டாமல் விடுவது ஆகிய மூன்றும்தான் இதன் வேர். புயலில் போகாத கூரை இருபது வருஷத்தில் தானாகக் கொட்டுகிறது. கடலூரிலேயே மாவட்ட ஆட்சியர் குடியிருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோட்ட மாளிகையின் மேற்கூரை, கம்பியும் மரமும் இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டே கட்டப்பட்டது என்பார்கள். துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. அப்படிக் கட்டும் கொத்தனார்கள் இன்று கிடைப்பது அரிது, கிடைத்தாலும் செலவு எளிய வீட்டுக்குக் கட்டாது.

கெடில ஆற்றங்கரையை விட்டு மேற்கே போனால் நெல்லிக்குப்பம். கரும்பு பூமி. ஆலைக்குப் போகிறது கரும்பு, வயலில் நிற்கிறது சோகை. காய்ந்த சோகையைக் கட்டுக்கட்டாகக் கட்டி மூங்கில் வரிச்சலில் அடுக்கி வேய்வது இந்தப் பக்கத்து ஏழை வீட்டின் பழைய வழக்கம். தென்னங்கீற்றும் பனையோலையும் வைக்கோலும் அதனோடு சேரும். கோடையில் இதைப் போலக் குளிர்ச்சி வேறெதிலும் இல்லை. புயலில் போனாலும் தலையில் விழுந்து ஆளைக் கொல்வதில்லை. போனதை இரண்டே நாளில் திரும்ப வேயலாம். இவ்வளவு நல்லவை சொன்ன பிறகு கெட்டதையும் சொல்ல வேண்டும். ஒரு பொறி போதும், வரிசை வீடுகள் எரிந்துபோகும். கடலூர் மாவட்டக் கிராமங்களில் சித்திரை வைகாசி தீயணைப்பு வண்டிக்கு ஓய்வில்லாத மாதங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேய்ச்சல் மாற்ற வேண்டும், வேய்கிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

கூரை வீட்டில் வாழ வேண்டியவர்களுக்கு இந்தியத் தரநிலையின் புயல் வழிகாட்டி ஒரு வழி சொல்கிறது. வேய்ந்த ஓலையின் மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வலை போலப் போட்டு, ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி விடாமல், கயிற்றின் நுனிகளை இறவாணத்துச் சட்டத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். கயிறு தேங்காய்நார் என்றால் வருஷா வருஷம் மாற்றியாக வேண்டும். நைலான் கயிறு சில வருஷம் உழைக்கும், ஆனால் வெயிலில் கிடந்தே வலுவிழக்கும் என்பதால் இழுத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். வலை போட்டும் பயனில்லாமல் போவது எங்கே என்றால் கால் நடுவதில். வெறும் மண்ணில் இரண்டடி குழி தோண்டி நட்ட கால், ஐப்பசி மழையில் மண் ஊறிய பிறகு காற்றுக்கு இலகுவாகப் பிடுங்கிக்கொண்டு வரும். காலின் அடியில் குறுக்காக ஒரு கட்டையை ஆணி அடித்துப் புதைத்தால் அது நங்கூரமாக நிற்கும். செலவே இல்லாத வேலை. ஆனாலும் பெரும்பாலான கொட்டகைகளில் இது இருப்பதில்லை.

பண்ருட்டிக்குள் நுழைந்ததும் கூரையின் நிறம் மாறுகிறது. திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் தெருக்களிலும் பழைய கடைவீதியின் பின்புறச் சந்துகளிலும் ஓட்டு வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. களிமண் இந்த ஊருக்குப் புதிதல்ல. பண்ருட்டிக் கொலு பொம்மைகள் வெளியூர்க் கொலுப்படிகளுக்கும் போகின்றன. நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் பிறந்த பொருள். குழலாக வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்டு எடுப்பார்கள். கவிழ்த்தும் மல்லாத்தியும் இரண்டு மூன்று அடுக்காகப் பரப்புவார்கள். அதைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடையும் அடுக்கும் மட்டுமே, கட்டு என்று ஒன்றும் கிடையாது. சீமை ஓடு பின்னால் வந்தது. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் முதல் ஆலையைத் தொடங்கியது. அங்கிருந்து அது கொங்கணம், மலபார் வழியாகத் தென்னாடு முழுக்கப் பரவியது. அதன் ஓரங்களில் ஒன்றோடொன்று கவ்வும் வரம்புகள் உண்டு, அடியில் ரீப்பரில் மாட்டிக்கொள்ளும் குமிழ் உண்டு, கம்பி கோத்துக் கட்ட ஒரு சிறு துளையும் உண்டு.

அந்தத் துளைதான் சீமை ஓட்டின் புயல் பாதுகாப்பு. ஓட்டு வீட்டின் உள்ளே நின்று மேலே பார்த்தால் அது வரிசை வரிசையாகத் தெரியும், அநேகமாக எல்லாம் காலியாக. காரணமும் உண்டு. பூனை ஓடினாலும் குரங்கு குதித்தாலும் ஓடு நகரும், உடையும். கட்டாத ஓட்டை ஒரு கழியால் தட்டியே சரிசெய்துவிடலாம், கட்டிய ஓட்டை மாற்ற ஆள் ஏற வேண்டும். ஆகவே எல்லா ஓட்டையும் கட்டு என்று சொல்வது நடக்காத காரியம். நடக்கக்கூடியது இதுதான்: இறவாணத்தில் இரண்டு வரிசை, முகட்டின் இருபுறமும் ஒவ்வொரு வரிசை, பக்கச் சுவரோரம் இரண்டு வரிசை ஆகியவற்றை மட்டும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டுவது. ஓட்டுக் கூரையில் காற்று முதலில் கை வைப்பது இந்த ஓரங்களில்தான். உள்வரிசை ஓடுகளின் இடுக்குகள் வழியாகக் காற்று கசிந்து மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமமாகிவிடுவதால் அவற்றுக்கு இழுப்பு குறைவு. ஓரம் போனால் மட்டும் உள்ளதும் வரிசையாகப் போகும்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் ஐந்தடிக்கு ஒன்றாக முகட்டிலிருந்து இறவாணம் வரை ஓட்டின் மேல் கம்பி வைத்துச் சிமெண்ட் பட்டி போடலாம். தரநிலை வழிகாட்டி இதையும் பரிந்துரைக்கிறது. பார்க்க அழகில்லை என்பது ஒரு குறை, பட்டிக்கடியில் உடைந்த ஓட்டை மாற்ற முடியாது என்பது மற்றொன்று. கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் அழகைப் பார்க்கத் தேவையில்லை.

ஓடு ஒன்றை எத்தனை இறுக்கமாகப் பிடிக்கலாம் என்பதற்கு இதே மாவட்டத்தில் ஓர் உச்ச உதாரணம் இருக்கிறது. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகள், அவற்றை அடித்த ஆணிகள் 72,000 என்பது மரபு. முன்னது ஒரு நாளின் மூச்சுக் கணக்கு, பின்னது உடலின் நாடிக் கணக்கு என்று தத்துவம் சொல்வார்கள். தத்துவத்தைப் பக்தர்களுக்கு விட்டுவிட்டுக் கூரைக்காரர் கண்ணால் பார்த்தால், ஓட்டுக்கு மூன்று ஆணிக்கும் மேல் வருகிறது. கடற்கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிற்கும் கூரைக்கு அது மிகையல்ல.

கூரையின் வடிவமும் பொருளைப் போலவே முக்கியம். இரண்டு பக்கம் சரிந்து இரண்டு பக்கம் முக்கோணச் சுவராக நிற்கும் வீட்டை விட, நான்கு பக்கமும் சரிந்த கூரை காற்றை நன்றாகக் கடத்திவிடும். முக்கோணச் சுவர் காற்றை நேருக்கு நேர் வாங்கும், அது விழுந்தால் கூரையும் கூடவே வரும். சரிவு 22 முதல் 30 பாகைக்குள் இருந்தால் உறிஞ்சல் குறைவு. ஷீட் மிச்சப்படுத்துவதற்காக மிகவும் தாழ்த்திப் போடும் ஒருபக்கச் சாய்வுதான் இருப்பதில் மோசம், பண்ருட்டி வட்டாரத்தில் அதிகம் கண்ணில் படுவதும் அதுவே. இறவாணம் சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் நீண்ட இறவாணம் நல்லது, காற்றுக்கு அது பிடித்துத் தூக்கக் கிடைத்த கைப்பிடி. இந்த முரணைத் தீர்க்கப் பழைய வீடுகளில் ஒரு வழி உண்டு. முன்தாழ்வாரத்துக்குத் தனிக் கால், தனிக் கூரை போட்டு, வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு சாண் இறக்கிச் செருகிவிடுவார்கள். புயலில் தாழ்வாரம் போனாலும் வீடு நிற்கும். இன்று ஒரே நீள ஷீட்டை முகட்டிலிருந்து வாசல் வரை இழுத்துப் போடுகிறார்கள். வாசலில் பிடித்த காற்று முகடு வரை உரித்துக்கொண்டு போகிறது.

பண்ருட்டியிலிருந்து தெற்கே காடாம்புலியூர்ப் பக்கம் இறங்கினால் முந்திரித் தொழிற்கூடங்கள். கொட்டை வறுக்கும் இடம், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைக்கும் இடம், பருப்பு காயும் போர்மா, வெளியே காயப்போடும் களம். புகையும் வெக்கையும் போவதற்காகப் பக்கச் சுவரை இடுப்பளவோடு நிறுத்தி மேலே ஷீட் போட்டிருப்பார்கள். தொழிலுக்கு அது சரி. காற்றுக்கு அதைவிட வசதியான அமைப்பு இல்லை, ஏனென்றால் கதவு திறக்கக் காத்திருக்கத் தேவையே இல்லை. இப்படிப்பட்ட கொட்டகைக்கு மூடிய வீட்டை விட இரட்டிப்பாகப் பிணைப்பு வேண்டும். இருப்பதோ பாதி.

சிமெண்ட் ஷீட்டைச் சட்டத்தில் மாட்டும் கொக்கி போல்ட்டைப் பக்கத்தில் பார்த்தால் விஷயம் விளங்கும். ஜே வடிவக் கம்பி, கீழ்முனை ஏங்கிளையோ குழாயையோ கவ்வும், மேல்முனை ஷீட்டின் மேட்டு வரி வழியாக வெளியே வந்து தார் வாஷர், தகர வாஷர், நட்டு என்று முடியும். காற்று ஷீட்டைத் தூக்கி விடுகிறது, மறுபடி தூக்கி விடுகிறது. ஒவ்வொரு தூக்கலுக்கும் ஜேயின் வளைவு ஒரு நூல் திறக்கும். சில மணி நேரத்தில் கொக்கி நிமிர்ந்து ஏங்கிளை விட்டு நழுவிவிடும். போல்ட் அறுவதில்லை, நட்டும் கழல்வதில்லை, இரண்டும் ஷீட்டோடு பறந்துபோகும். அதனால்தான் புயல் பகுதிகளில் ஜே வேண்டாம், சட்டத்தை இருபுறமும் சுற்றிவரும் யு போல்ட் போடு என்று வழிகாட்டி சொல்கிறது. விலை வித்தியாசம் ஒரு டீக்காசு அளவுதான். துளையை டிரில் வைத்துப் போட வேண்டும். ஆணியும் சுத்தியலும் வைத்து அடித்தால் துளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அந்த விரிசலில்தான் ஷீட் பிளக்கும். சட்டங்களுக்கிடையே நாலரை அடிக்கு மேல் விடக் கூடாது. ஓரங்களில் அதையும் குறைக்க வேண்டும்.

சிமெண்ட் ஷீட்டுக்கு வேறு ஒரு வழக்கும் உண்டு. அதில் கலந்திருப்பது ஆஸ்பெஸ்டாஸ் நார். உலகச் சுகாதார நிறுவனம் அதன் எல்லா வகைகளையும் புற்றுநோய்க் காரணி என்கிறது, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன, இந்தியாவில் இன்னும் விற்கிறார்கள். முழுதாக இருக்கும் ஷீட்டை விட உடைந்த ஷீட்டில்தான் ஆபத்து. புயலுக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் துண்டுகளைக் குழந்தைகள் பொறுக்குவதும் வாரியலால் உலரக் கூட்டுவதும் வழக்கம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, முழுத் துண்டாக எடுத்துக் குழியில் புதைப்பது நல்லது. காற்றடிக்கும் ஊரில் எளிதில் உடைகிற, உடைந்தால் நஞ்சாகிற பொருளைப் புதிதாகப் போடுவதற்கு இன்று நல்ல காரணம் எதுவும் இல்லை.

அதன் இடத்தைப் பிடித்திருப்பது கலர் ஷீட். மெல்லிய இரும்புத் தகடு, மேலே பூச்சு, இரும்பு டியூபில் நேரே ஏறும் செல்ஃப் ஸ்குரூ. ஒரு வெல்டரும் ஓர் உதவியாளும் ஒரே நாளில் வீட்டை மூடிவிடுவார்கள். இந்தப் பொருளின் பலமும் பலவீனமும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் 1974 கிறிஸ்துமஸ் காலையில் உலகுக்குத் தெரிந்தது. ட்ரேசி புயலில் அந்த ஊர் வீடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. வேகமானி பழுதாவதற்கு முன் காட்டிய வீச்சு மணிக்கு 217 கிலோமீட்டர். ஆராய்ந்த பொறியாளர் ஜார்ஜ் வாக்கர் கண்டது என்னவென்றால், ஷீட்டுகள் ஒரே இழுப்பில் போகவில்லை. ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் அதிர்ந்ததில் ஸ்குரூத் துளையைச் சுற்றித் தகடு களைத்து வெடித்திருந்தது. ஸ்குரூ சட்டத்திலேயே நின்றது, ஷீட் அதன் தலை வழியாகக் கிழிந்து போனது. அதன் பிறகு அங்கே தகடுகளைப் பல ஆயிரம் முறை இழுத்துச் சோதித்துத்தான் விற்க விடுகிறார்கள், ஸ்குரூத் தலைக்கடியில் அகலமான புயல் வாஷரும் வந்தது.

பண்ருட்டியில் கலர் ஷீட் போடுகிறவருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நாலு காரியம் உண்டு. தகடு அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, விலை குறைவென்று விற்கும் 0.35 தகடு ஸ்குரூத் தலையில் காகிதமாகக் கிழியும். ஓர வரிசைகளில் ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றிலும் ஸ்குரூ வேண்டும். ஸ்குரூவின் ரப்பர் வாஷர் பிதுங்கும் வரை முறுக்கினால் ஒரே கோடையில் வெடித்துவிடும், ஆகவே வாஷர் தட்டையாகப் படிந்ததும் நிறுத்த வேண்டும். கடைசியாக, டியூப் சட்டம் சுவரில் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். செங்கல் சுவரின் மேல் ஒரு பிடி சிமெண்ட் வைத்து டியூபை உட்கார வைத்திருந்தால் ஷீட்டில் நூறு ஸ்குரூ அடித்தும் பயனில்லை; சட்டத்தோடு சேர்ந்து மொத்தமாகப் போகும். சுவரின் தலையில் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும், அதிலிருந்து கிளம்பும் போல்ட்டில் சட்டம் பிடிக்க வேண்டும். அறுந்து பறக்கும் தகரம் அரிவாளுக்குச் சமம் என்பதால் இது பக்கத்து வீட்டுக்காரரின் பிரச்சினையும்கூட.

இன்னும் தெற்கே நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவான பிறகு வட்டம் வட்டமாக எழுந்த நகரியம், நேர் சாலைகள், அடர்ந்த மரங்கள், தட்டைக் கான்கிரீட் தளம் போட்ட குடியிருப்புகள். அனல்மின் நிலையச் சாம்பலே சுற்றுவட்டாரத்தில் செங்கல்லாகிறது. தானே இங்கேயும் மரங்களை வாரிப் போட்டது. கட்டடங்கள் நின்றன. ஏழை வீட்டுக்கும் இதுவே விடை என்று அரசு முடிவெடுத்ததில் வியப்பில்லை. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட்டாக்கத் தொடங்கியது. தானேக்குப் பிறகு பாதித்த பகுதிகளுக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்கிறது. வீட்டுக்கு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்கு வீட்டுக்காரர் விரும்பும் தீப்பற்றாத கூரை. ஓலைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் இடமில்லை.

தட்டைத் தளம் காற்றை வென்றாலும் வெயிலுக்குத் தோற்கிறது. சித்திரையில் இரவு பத்து மணிக்கும் கூரை அனலடிக்கும். சில வருஷத்தில் ஒழுகவும் தொடங்கும். இரண்டுக்கும் ஒரே மருந்தாக மாடியில் நாலு இரும்புக் கால் நட்டு மேலே கலர் ஷீட் போடும் பழக்கம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பண்ருட்டி, வடலூர், மந்தாரக்குப்பம் எங்கும் பரவிவிட்டது. துணி காயும், வற்றல் காயும், கல்யாணத்துக்குப் பந்தி போடலாம். காற்றின் கணக்கில் பார்த்தால் தரையில் இருந்த தகரக் கொட்டகை இப்போது பத்து இருபது அடி உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அங்கே காற்று வேகம் கூடுதல், நான்கு பக்கமும் திறப்பு, அடியில் புகும் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. தானே வந்தபோது இவை இவ்வளவு இல்லை. அடுத்த பெரும்புயலில் இந்த ஊர்களில் பறக்கப்போவது பெரும்பாலும் இவையே.

மாடிக் கொட்டகையின் கால்களைப் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரில் ஓட்டை போட்டு நட்டிருப்பார்கள், அல்லது தளத்தின் மேல் ஓட்டுத் தரையில் இரண்டு சிறு போல்ட் அடித்திருப்பார்கள். இரண்டும் பிடிக்காது. கைப்பிடிச் சுவர் நாலரை அங்குலச் செங்கல், அது காலோடு சேர்ந்தே சாயும். காலை வீட்டுத் தூணின் தலைக்கு மேலாக நிறுத்தி, அடியில் அரை அடிச் சதுர இரும்புத் தட்டு வைத்து, கான்கிரீட்டில் குறைந்தது நாலு அங்குலம் இறங்கும் போல்ட் நாலு கொடுக்க வேண்டும். வீடு கட்டும்போதே தூண் கம்பியை ஒன்றரை அடி மேலே விட்டு வைத்திருந்தால் அதிலேயே பற்றவைக்கலாம். கால்களுக்கிடையே மூலைவிட்டமாக எக்ஸ் போல இரண்டு ஏங்கிள் வேண்டும். அது இல்லாத கொட்டகை தூக்கப்படுவதற்கு முன்பே ஒருபக்கமாகப் படுத்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கவனிப்பு தேவை. புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன், காலியாக இருந்தால் காற்றுக்குப் பந்து. ஷீட்டின் ஸ்குரூக்களையும் போல்ட்டுகளையும் ஆண்டுக்கொருமுறை புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், துருவும் தளர்வும் பார்த்து மாற்றிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்கும் அது போதும்.